தடைக்காலத்தில் தம்பியை எந்த ஆற்றுக்குக் கூட்டிப்போவது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். காசிமேட்டில் விசைப்படகை நம்பியிருக்கிற வீடுகளில் ஆண்கள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருப்பது இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும்தான். மற்ற மாதங்களில் என் தம்பியோடு நாலு நாள் வெளியூர் போவது நடக்காது. கடலுக்குப் போனால் திரும்பி வரப் பல நாள் ஆகும். வந்தால் தூக்கம், பங்குக் கணக்கு, டீசல், ஐஸ், மறுபடி கடல்.

போன தடைக்காலத்தில் ஒரு மத்தியானம் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். படகு கரையில் ஏறியிருந்தது. பெயிண்ட் கையோடு என் போனை வாங்கி, நான் ஆபீஸ் தோழிகளோடு ரிஷிகேஷில் ராஃப்டிங், அதாவது ரப்பர் படகில் துடுப்புப் போட்டு ஆற்றோடு இறங்கிப் போன வீடியோவை மூன்று தடவை போட்டுப் பார்த்தான். "அடுத்த தடைக்காலத்துல நம்ம வீட்டோட போலாம்க்கா" என்றான். அன்றிலிருந்து எந்த ஆறு, எந்த வாரம் என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். விசாரித்ததையும் என் முடிவையும் எழுதுகிறேன். வடசென்னையிலிருந்து முதல் தடவை போக நினைக்கிற வேறு வீட்டுக்கும் உதவும்.

போகப்போவது நாங்கள் ஐந்து பேர். நான், என் ஆபீஸ் தோழி, தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய பதின்மூன்று வயது மகன். நீச்சல் தெரிந்தவன் தம்பி ஒருவன்தான். தம்பி மனைவி காசிமேட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருடைய கதை இதுதான். கடல் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் அது ஆண்களுடையது. அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீச்சல் தெரியாதவங்களையும் ஏத்துவாங்களா அண்ணி?" ஏற்றுவார்கள். லைஃப் ஜாக்கெட் சரியான அளவில் இருந்து, ஆறும் அளவான ஆறாக இருந்தால் நீச்சல் தெரியாமலே போகலாம். அந்த அளவான ஆற்றைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

"ஒகேனக்கல் போதாதா?" என்று அம்மா கேட்டார். ஒகேனக்கல் பரிசலில் துடுப்பு பரிசல்காரர் கையில் இருக்கும், நாம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். ராஃப்டில் ஆளுக்கொரு துடுப்பு. பின்னால் உட்கார்ந்திருக்கிற கைடு சொல்லச் சொல்ல எல்லோரும் சேர்ந்து வலித்தால்தான் ரப்பர் படகு அது போக வேண்டிய இடத்துக்குப் போகும். தம்பி ஆசைப்படுவது அதற்குத்தான். தமிழ்நாட்டுக்குள் அப்படிப் பெயர் பெற்ற ராஃப்டிங் ஆறு கிடையாது. வெளி மாநிலம் போகத்தான் வேண்டும்.

ஆறுகளைப் பற்றிச் சொல்வதற்கு முன் தம்பிக்கு ஒன்றைப் புரியவைக்க வேண்டியிருந்தது. "கடல்ல கெடக்கறவனுக்கு ஆத்துல இன்னாக்கா பயம்?" என்பதுதான் அவன் பேச்சு. கடல் தெரிந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். எனக்கோ அந்தத் தைரியம்தான் பயமாக இருந்தது. கடலில் தண்ணீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும், அலைதான் நகர்ந்து வரும். ஆற்றில் அலை நின்ற இடத்திலேயே நிற்கும், தண்ணீர்தான் அதற்குள் புகுந்து ஓடும். அடியில் கிடக்கிற பாறை நகராதே. கடலில் ஒரு அலை போய் அடுத்தது வருவதற்குள் மூச்சு விடலாம். ஆற்றில் தண்ணீர் தள்ளுவதை நிறுத்தாது.

திருவொற்றியூர் பக்கம் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவில் நின்று அவனுக்குக் காட்டினேன். கல்லின் ஒரு பக்கம் அலை அடித்துக்கொண்டிருந்தது, மறுபக்கம் தண்ணீர் அடங்கிக் கிடந்தது. ஆற்றிலும் பெரிய பாறைக்குப் பின்னால் இப்படி ஓர் அடங்கிய இடம் இருக்கும். அங்கே தண்ணீர் மெதுவாக மேல்நோக்கிக்கூடத் திரும்பி வரும். கைடுகள் ராஃப்டைக் கொண்டுபோய் நிறுத்தி, பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருப்பது அங்கேதான். இதைச் சொன்னதும் அவனுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஓட்டம் பார்க்கத் தெரிந்தவன் அவன்.

அடுத்ததுதான் முக்கியம். கரையோரம் அலை தூக்கிப் போட்டால் நாம் முதலில் காலை ஊன்றத்தான் பார்ப்போம். ஓடுகிற ஆற்றில் அந்தப் பழக்கம் ஆபத்து. கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பின்னாலிருந்து வருகிற தண்ணீர் ஆளை முன்னால் குப்புறத் தள்ளிவிடும், அப்புறம் முட்டளவு தண்ணீரிலும் எழுந்திருக்க முடியாது. விழுந்தால் மல்லாந்து படுக்க வேண்டும். கால் ஓட்டம் போகிற பக்கம், பெருவிரல்கள் தண்ணீருக்கு மேலே. அப்படியே மிதந்தபடி கைடு வீசுகிற கயிற்றைப் பிடிக்க வேண்டும். தம்பியை மொட்டை மாடியில் படுக்கவைத்தே இதைச் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்தில் மருமகனும் படுத்துக் காட்டினான்.

இனி ஆறுகள்.

ரிஷிகேஷ்தான் எல்லோர் வாயிலும் வருகிற பெயர், நானும் போனது அங்கேதான். அலக்நந்தாவும் பாகீரதியும் தேவப்ரயாகையில் கூடிக் கங்கையாகி வருகிற வழியில் ராஃப்டிங் நடக்கிறது. ஏறுகிற இடத்திலிருந்து ரிஷிகேஷ் வரை ஆற்றோடு இறங்கி வருவது ஒரு சுற்று. எந்த இடத்தில் ஏறுகிறோமோ அந்த இடத்தின் பெயரால்தான் சுற்றைச் சொல்வார்கள். பிரம்மபுரி ஏறக்குறைய 9 கிலோமீட்டர், சிவ்புரி 16, மரைன் டிரைவ் 24-க்கு மேல், கௌடியாலா 35-ஐ ஒட்டி. மேலே போகப் போக ஆறு முரடு. நாங்கள் சிவ்புரியில் ஏறினோம். தண்ணீர் பாறையில் மோதி நுரைத்துக்கொண்டு வேகமாக இறங்குகிற இடத்தை நுரை என்றே சொல்கிறேன். ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ் என்று ஒவ்வொரு நுரைக்கும் ஒரு பெயர். மார்ச் மாதம். தண்ணீர் பனிமலையிலிருந்து வருவது. முதல் அலை மார்பில் அடித்தபோது மூச்சு உள்ளேயே நின்றுவிட்டது. கைடு "ஃபார்வர்ட்" என்று கத்தியது காதில் விழுந்தும் கை அசைய இரண்டு விநாடி ஆனது.

அந்த ஆற்றின் நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். கங்கை அங்கே அகலம், ஆழம். அலை பெரிதாக வந்தாலும் அடியில் பாறையில் இடிக்கிற வாய்ப்பு குறைவு. பயம் போக்குகிற ஆறு அது. கீழ்ப்பகுதியில் ஓட்டம் அடங்கிய இடத்தில் கைடு எங்களை இறங்கி மிதக்கச் சொன்னார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி மிதந்தேன். நீச்சல் தெரியாத நான் கங்கையில் மிதந்ததை இப்போது நினைத்தாலும் கண் கலங்கும்.

எங்களைக் கூட்டிப்போன நிறுவனம் மட்டும் சரியில்லை. ஏறுவதற்கு முன் சொல்லித்தர வேண்டியதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். என் தோழியின் லைஃப் ஜாக்கெட்டில் ஒரு கொக்கி உடைந்து, அந்த இடத்தில் நாடா முடிச்சு. துடுப்பின் மேல் முனையில் குறுக்கே ஒரு பிடி இருக்கும், அதிலிருந்து கையை எடுக்கவே கூடாது. அதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. இரண்டாவது நுரையில் முன்னால் இருந்தவரின் கை நழுவி, அந்த முனை பக்கத்தில் இருந்த பெண்ணின் உதட்டைக் கிழித்தது. கரையேறி ஈரத்துணியை அமுக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது மறக்காது. ஆறு செய்த காயம் இல்லை அது, ஐந்து நிமிடச் சோம்பல் செய்த காயம்.

எங்கள் வீட்டுக்கு ரிஷிகேஷ் ஒத்துவராமல் போனதற்குக் காரணம் வேறு. அங்கே 14 வயது நிறையாதவர்களை ஏற்றுவதில்லை, மருமகனுக்குப் பதின்மூன்று. சென்ட்ரலில் ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு ராத்திரி கழித்து டில்லி, அங்கிருந்து 240 கிலோமீட்டர் ரோடு. போகவர ஒரு வாரம் போய்விடும். மே, ஜூன் மாதத்தில் பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரை வண்டிகளும் அதே ரோட்டில் வரிசை கட்டி நிற்கும். ஜூலை, ஆகஸ்டில் வெள்ளத்துக்காக ராஃப்டிங்கையே மூடிவிடுவார்கள். அக்டோபருக்கு மேல் லீவு கிடைக்கிறவர்கள், எல்லோரும் பெரியவர்கள், ஒரு வாரம் கையில் இருக்கிறது என்றால் ரிஷிகேஷுக்கே போங்கள். முதல் தடவைக்குப் பிரம்மபுரியோ சிவ்புரியோ போதும். நண்பர்கள் கூட்டம் ஏற்றிவிடுகிறது என்று கௌடியாலா வரை போக வேண்டாம்.

குடகைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தெற்குக் குடகில் பாராபோளே ஆறு மழையை மட்டும் நம்பி ஓடுகிறது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் அங்கே ராஃப்டிங். தடைக்காலம் முடிந்து படகு கடலில் இருக்கும்போதுதான் அந்த ஆற்றுக்கு உயிர் வரும். ஒருவேளை ஆடி மாதம் லீவு இருந்தாலும் முதல் தடவைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். குறுகலான பாறை ஆறு, நுரையின் தரம் நான்கு வரை போகும். குஷால்நகர் பக்கம் துபாரேயில் காவிரி சாதுவாகப் போகிறது. மழைக்காலத்தில் குழந்தைகளோடு போகிறவர்கள் காவேரி எக்ஸ்பிரஸில் மைசூர் போய், பஸ் பிடித்து அங்கே போகலாம். மே மாதம் தண்ணீர் இறங்கிப் போயிருக்கும், வெறும் படகுச் சவாரி ஆகிவிடும்.

நுரையின் தரம் என்றேனே, உலகம் முழுக்க ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒன்று சலசலப்பு, ஆறு உயிரைப் பணயம் வைப்பது. கைடோடு முதல் தடவை போகிறவர்களுக்கு இரண்டும் மூன்றும் சரி. இந்த எண் ஆற்றோடு ஒட்டிப் பிறந்தது இல்லை. தண்ணீர் ஏறினால் தரமும் மாறும். போன வாரம் போய் வந்தவர் சொல்வதை வைத்து இந்த வாரத்தை முடிவுசெய்ய முடியாது.

அதனால்தான் கடைசியில் அணைத் தண்ணீர் ஓடுகிற இரண்டு ஆறுகளில் வந்து நின்றேன். மழையை எதிர்பார்க்காமல் கோடையிலும் ஓடுகிற ஆறுகள் அவை. மின்சாரம் எடுத்துவிட்டு விடுகிற தண்ணீர்தான் அங்கே ராஃப்டிங் ஆறாக ஓடுகிறது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து சூடாக வெளியே வரும் தண்ணீர் எண்ணூர்க் கழிமுகத்தை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மின் நிலையத்துத் தண்ணீரில் விளையாடப் போகிறோம் என்றதும் தம்பி முகம் மாறிவிட்டது. அது நீர்மின் நிலையம், அணைத் தண்ணீர் டர்பைனைச் சுற்றிவிட்டு அப்படியே ஆற்றில் இறங்குகிறது, கொதிக்கவைப்பது எதுவும் இல்லை என்று விளக்கினேன்.

முதல் ஆறு மகாராஷ்டிராவின் குண்டலிகா. கொங்கண் ரயில் பாதையில் கோலாட் என்ற ஊர், மும்பையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். முல்ஷி அணையின் தண்ணீர் மலையிறங்கி பீரா மின் நிலையத்துக்கு வந்து, பிறகு குண்டலிகாவில் சேர்கிறது. பெரும்பாலும் காலையில் திறப்பார்கள். திறந்த தண்ணீரின் கூடவே ராஃப்டுகள் 12 கிலோமீட்டர் சொச்சம் இறங்கும். தாமதமாகப் போனால் ஆற்றில் கல்தான் தெரியும். தரம் இரண்டு, மூன்று. குறை என்றால் தூரம். சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள், அப்புறம் ரோடு. சனி, ஞாயிறில் மும்பை, புனேக் கூட்டம் வேறு. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் லீவு கிடைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த ஆற்றைத்தான். மழையும் இருக்கும், அணைத் தண்ணீரும் இருக்கும். வெள்ள எச்சரிக்கை இருக்கிறதா என்று மட்டும் கிளம்புவதற்கு முந்தைய நாள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கர்நாடகத்தில் தாண்டேலி பக்கம் காளி ஆறு. கணேஷ்குடியில் சூபா அணை நிற்கிறது, 101 மீட்டர் உயரம். அணையடியில் 100 மெகாவாட் மின் நிலையம். அது ஓடினால் கீழே ஆறு ஓடும், அது நின்றால் ராஃப்டும் நிற்கும். இரண்டு பக்கமும் காடு. சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் பெங்களூரு, இன்னொரு ராத்திரி ரயிலில் ஹூப்ளி, அங்கிருந்து தாண்டேலிக்கு 75 கிலோமீட்டர் பஸ். நேரடி ரயில் வாரத்தில் எல்லா நாளும் இல்லை. நம் நாளுக்கு அமைந்தால் ஒரு இடத்தில் வண்டி மாறுவது மிச்சம். ஆக மொத்தம் ஐந்து நாள்.

காளியை நான் தேர்ந்தெடுத்ததற்கு மருமகனும் ஒரு காரணம். அங்கே நீண்ட சுற்று ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர், தரம் இரண்டும் மூன்றும். அது இல்லாமல் குட்டிச் சுற்று என்று கொஞ்ச தூரம் மட்டும் போகிறதும் உண்டு. பெரியவர்கள் நீண்ட சுற்று போகும்போது அவனைக் கரையில் உட்காரவைக்க எனக்கு மனசில்லை. வெறும் பார்வையாளனாகக் கூட்டிப்போனால் அவன் தண்ணீரை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே திரும்புவான். குட்டிச் சுற்றில் அவன் அப்பாவோடு ஒரே ராஃப்டில் துடுப்புப் போடலாம். எந்த வயதிலிருந்து எந்தச் சுற்றில் ஏற்றுவார்கள் என்பதை மட்டும் அந்தந்த ஆளிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். அங்கே போய் "பையன் சின்னவனா இருக்கானே" என்று சொல்லிவிட்டால் அவன் மனசு உடைந்துவிடும்.

நீண்ட சுற்று இப்போது ஓடுகிறதா என்பதையும் கேட்க வேண்டும். அணைத் தண்ணீரைப் பொறுத்தும் நிர்வாகத்தின் உத்தரவைப் பொறுத்தும் அது நிற்கும், நடக்கும். அதற்காகவே கணேஷ்குடியில் ஒரு நாள் சும்மா விட்டுவைத்திருக்கிறேன். ஒரு நாள் தண்ணீர் வராவிட்டால் மறுநாள் பார்க்கலாம். கரையில் எங்கே வேண்டுமானாலும் இறங்கிக் குளிக்கலாம் என்ற நினைப்பு வேண்டாம், காளி ஆற்றில் தாண்டேலி பக்கம் முதலைகள் உண்டு. கைடு இறங்கச் சொல்கிற இடத்தில் மட்டும்தான் இறங்க வேண்டும்.

ஆற்றை முடிவுசெய்தாகிவிட்டது. யாரோடு போவது என்பது பாக்கி. ரிஷிகேஷில் பட்டதால் இந்தத் தடவை போனிலேயே வரிசையாகக் கேட்கிறேன். ஒரு ராஃப்டில் எத்தனை பேர்? கைடைத் தவிர ஆறு, எட்டு என்றால் சரி. "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம்" என்று சொன்ன ஒருவரின் நம்பரை அப்போதே அழித்துவிட்டேன். படகில் கூடுதல் ஆள் ஏற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வீசுகயிறு ஒவ்வொரு ராஃப்டிலும் இருக்கிறதா? கூடவே ஒரு கயாக், அதாவது ஒற்றை ஆள் ஓட்டுகிற சின்னப் படகு, பாதுகாப்புக்கு வருமா? சிறுவனுக்கு அளவான ஜாக்கெட், ஹெல்மெட் உண்டா? தண்ணீர் திறக்காவிட்டால் பணம் திரும்புமா, நாள் மாறுமா? கரையில் எவ்வளவு நேரம் சொல்லிக்கொடுப்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு ஆள் மட்டும் சளைக்காமல் பதில் சொன்னார். துடுப்பின் மேல் பிடி பற்றி நான் கேட்காமலே அவர் சொன்னார். அவரிடம்தான் பேசி வைத்திருக்கிறேன்.

ஜாக்கெட்டை நாமே சோதிக்கலாம். எல்லாக் கொக்கியும் மாட்டி, பட்டைகளை இழுத்து இறுக்கி, கையை மேலே தூக்க வேண்டும். இன்னொருவர் தோள்பட்டையில் பிடித்து ஜாக்கெட்டை மேலே இழுக்க வேண்டும். அது மோவாயைத் தாண்டி ஏறினால் தளர்ச்சி. இன்னும் இறுக்க வேண்டும், இல்லையென்றால் சின்னது கேட்டு வாங்க வேண்டும். கூச்சப்படாதீர்கள். என்னுடையது ரிஷிகேஷில் காது வரை வந்தது. கேட்டுத்தான் மாற்றினேன்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும். துப்பட்டாவும் வேண்டாம். செருப்பு ஆற்றோடு போய்விடும், பின்பட்டை உள்ள சாண்டல் போதும். தம்பி மனைவிக்குத் தாலிச் சரடைப் பற்றித்தான் கவலை, கழற்ற மாட்டாள். டி-ஷர்ட்டுக்குள்ளே போட்டு இரண்டு இடத்தில் ஊக்கு குத்திக்கொண்டால் மேலே ஜாக்கெட் அழுத்திப் பிடித்துக்கொள்ளும் என்று அம்மாதான் வழி சொன்னார். தம்பி மோதிரத்தை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். இதய நோய், வலிப்பு, புதிதாக ஆபரேஷன், கர்ப்பம், கழன்று மாட்டிய தோள்பட்டை இதில் எது இருந்தாலும் இந்தத் தடவை கரையிலிருந்து பார்ப்பதே நல்லது. முந்தின ராத்திரி குடித்தவரையும் ஏற்றக் கூடாது. தம்பியிடம் இதை நேராகவே சொல்லியிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன் தம்பி மனைவியை நாலைந்து தடவை மெரினா நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. நீச்சல் கற்றுக்கொள்ள அந்த நாள்கள் போதாது. முகத்தில் தண்ணீர் அடித்தால் கலங்காமல் மூச்சை விட்டு இழுக்கவும், மல்லாந்து மிதக்கவும் பழகிக்கொண்டால் போதும். அவளைவிட எனக்குத்தான் அதில் அவசரம். முப்பத்தைந்து வருஷம் கடலோரம் இருந்தவள் முதல் தடவை தண்ணீரில் மிதக்கப்போகிறாள்.

ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கும். மே 12-க்குக் கிளம்புவதென்றால் மார்ச் 13 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். பள்ளி லீவில் ஹூப்ளி வண்டிகள் சீக்கிரம் நிறையும். வார நடுவில் ஆற்றில் இருக்கிற மாதிரி நாள் போட்டிருக்கிறேன், கூட்டம் குறைவாக இருக்கும், கைடுக்கும் நின்று சொல்லிக்கொடுக்க நேரம் கிடைக்கும். தம்பி கடலில் இருந்தபடியே நேற்று சிக்னல் கிடைத்த இடத்தில் போன் பண்ணினான். "டிக்கெட் போட்டியாக்கா?" என்று கேட்கவில்லை. "மல்லாந்து படுக்கறப்ப கால் எந்தப் பக்கம்னு சொன்ன?" என்று கேட்டான். ஓட்டம் போகிற பக்கம் என்றேன்.